படலும் கீலும்

போன தை மாசம் அம்மா வீட்டுக் கதவுக்குக் கீல் வாங்க டவுன் கடைக்குப் போனேன். பழைய கதவு அடியில ஒரு சாண் உயரத்துக்கு மக்கிப் போயிருந்தது. எலி வர்ற ஓட்டையை அம்மா தகர டப்பாவை வெட்டி அடிச்சு மூடி வச்சிருந்தது. வேப்பம்பலகையில் புதுக் கதவு செஞ்சாச்சு. கீல்தான் பாக்கி.

"கனமான கதவு. நாலு அங்குலக் கீல் மூணு குடுங்க" என்றேன். கடைக்காரர் துருப்பிடிக்காத எஃகுக் கீல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மடக்கி விரித்துக் காட்டினார். தகடு நல்ல கனம். நடுவில் ஓடுகிற ஊசியின் இரண்டு முனையும் அடித்து மூடியிருந்தது. விலை பேசும்போது சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று இதைப் படிக்கிறவர்களில் பலபேருக்குத் தெரியும். பேருந்தில், கல்லூரி விடுதியில், வாடகைக்கு வீடு தேடும்போது என்று விதவிதமாகக் கேட்டு வாங்கியிருக்கிறோம். "காலனி" என்றேன். அவர் மேசைமேல் இருந்த கீலை எடுத்து உள்ளே வைத்தார். கீழ் அறையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். மூணு அங்குலத் தகரக் கீல். ஊதினால் ஆடும்.

"தொகுப்பு வீடுதான? அதுக்கு இது போதும் தம்பி. உங்க பக்கத்துல எல்லாரும் இதான் வாங்கிட்டுப் போறாங்க."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காசு மிச்சப்படுத்திக் கொடுத்ததாகவே நினைத்திருப்பார். நான் சண்டை போடவில்லை. மொதல்ல காட்டினதையே குடுங்க என்றேன். மூன்று கீல், இருபத்துநாலு திருகாணி. பில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பேருந்தில் மடியில் அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வரும்போதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. "உங்களுக்கு இது போதும்" என்ற அளவு எப்போதிலிருந்து இருக்கிறது?

எங்க ஆயா வீட்டுக்குக் கதவே கிடையாது. படல்தான். பனைமட்டையை வரிசையாக அடுக்கி, மூங்கில் பிளாச்சைக் குறுக்கே வைத்துக் கட்டியது. ஒரு பக்கத்தை வாசல் கம்பத்தோடு கத்தாழை நார்க் கயிற்றால் தளர்வாகச் சுற்றியிருக்கும். அந்தக் கயிறுதான் எங்கள் குடும்பத்தின் முதல் கீல். மழையில் நனைந்தால் இறுகும், வெயிலில் தளரும், வருசத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும். சேரி நாய் மூக்கால முட்டித் திறந்துடும். பன்னிக்கு அதுகூட வேணாம், அடியில பூந்து வந்துடும்.

படலைத் தட்ட முடியாது. இதை யோசித்துப் பாருங்கள். பனைமட்டையில் தட்டினால் சத்தம் வராது. அதனால் யாரும் தட்டுவதில்லை. விடியக்காலை நாலு மணிக்குப் பண்ணையிலிருந்து ஆள் வருவான். கையில் இருக்கிற கொம்பால படலை ஒரு நெம்பு நெம்பி, தலையை உள்ளே நீட்டி, "இன்னாடி இன்னும் தூக்கம்" என்பான். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. உள்ளே எங்க தாத்தா எப்படிப் படுத்திருக்கார், ஆயா எப்படிப் படுத்திருக்கு, புள்ள பெத்தவ படுத்திருக்காளா, இதெல்லாம் அவனுக்குக் கணக்கே இல்லை. ஆயா சொல்லும்: "எனக்குக் கல்யாணம் ஆயி ஆறு புள்ள பெத்தண்டா. ஒரு நாளுகூட துணி மாத்தறப்ப ஒடம்பு நடுங்காம மாத்தனதில்ல."

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. எங்க ஆயா வீட்டுப் படலை நெம்புவது அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் நடந்தது.

பண்ணை வீட்டில் இருந்தது குடுமிக் கதவு. கீலே கிடையாது. கதவுப் பலகையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் குடுமி விட்டு, அதை நிலையின் குழியில் உட்கார வைத்திருப்பார்கள். திறக்கும்போது பெரிய முனகல் ஒன்று வரும். கொல்லையில் சாணி அள்ளிக்கொண்டிருக்கிற ஆயாவுக்கு அந்தச் சத்தத்தை வைத்தே யார் வெளியே வருகிறார்கள் என்று தெரியும். அந்தக் கதவுக்கான மரத்தை வண்டியில் ஏற்றி இறக்கினது எங்க தாத்தாவும் அவர் பங்காளிகளும். ஏற்றி இறக்கும்வரை மரத்துக்குத் தீட்டில்லை. நிலை வைத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்த பிறகு அதை அவர்கள் தொடவில்லை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில், வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வைத்திருக்கக்கூடாது என்பதும் ஒன்று. கதவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தேவைப்பட்டிருக்காது. மண்சட்டி மட்டும் இருக்கிற வீட்டுக்குக் கதவு எதற்கு என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். வீட்டுக்குள் மானம் என்று ஒன்று இருக்கும், அதையும் மூடி வைக்கணும் என்பது அவர்கள் கணக்கில் வரவே இல்லை.

எங்கள் தெருவுக்குத் தொகுப்பு வீடு 1998இல் வந்தது. பதினெட்டு வீடு. எனக்குப் பத்து வயசு. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை, முன்னால் கையகலத் திண்ணை. ஆனால் நிலை இருந்தது. நிலையில் கதவு இருந்தது. நைனா சாவகாசமாகத் திறந்தார், சாத்தினார், திரும்பத் திறந்தார். தெருவில் பதினெட்டு வீட்டிலேயும் அன்றைக்கு இதே வேலைதான். முதல் ராத்திரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தோம். சித்திரை மாசம். காங்க்ரீட் தளத்திலிருந்து சூடு இறங்குது. ஒருத்தருக்கும் தூக்கம் இல்லை. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தது: "கொஞ்சம் தொறந்து வையேன்யா, புள்ளைங்க வேவுது." நைனா மாட்டேன்னுட்டார். "இன்னிக்கு ஒரு நாளு மூடியே கெடக்கட்டும்." விடியற வரைக்கும் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கதவை மாட்டின லட்சணத்தை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் வேலை தெரிந்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது. காண்ட்ராக்டர் வாங்கிப் போட்டது மூணு அங்குலத் தகரக் கீல். ஆறே முக்கால் அடிக் கதவுக்கு மூன்று வேண்டிய இடத்தில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஆறு ஓட்டை, திருகாணி நாலுதான். அதையும் திருப்புளியால் திருகவில்லை, சுத்தியால் அடித்து இறக்கியிருந்தார்கள். திருகாணியை அடித்து இறக்கினால் மரத்தின் நார் நசுங்கிவிடும், புரி பிடிக்க எதுவும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஐப்பசி மழை முடிந்ததும் கதவு தொங்கிவிட்டது. திறக்கும்போது திண்ணைச் சிமெண்டில் அரைவட்டமாகக் கோடு விழும். பதினெட்டுத் திண்ணையிலும் அந்தக் கோடு இருந்தது.

இன்னொன்று. அறை சின்னது, கதவு உள்ளே திறந்தால் இடத்தை அடைக்கும் என்று எல்லாக் கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டியிருந்தார்கள். கீல் என்பது இரண்டு தகடு, இரண்டின் ஓரத்தையும் சுருட்டிக் கோத்து நடுவில் ஓர் ஊசி. சுருட்டின பக்கத்தை முதுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்குமோ அந்தப் பக்கம்தான் முதுகு இருக்கும். எங்கள் கீல்களின் முதுகெல்லாம் தெருவைப் பார்த்து இருந்தது. ஊசியின் முனைகள் அடித்து மூடப்படவில்லை. சும்மா செருகி வைத்தது.

2002இல் அது எங்களுக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 14 அன்றைக்குத் தெருமுனையில் அம்பேத்கர் படம் போட்ட பலகை நட்டோம். ஊர்ப் பையன்கள் வந்து பேசினார்கள், எங்கள் அண்ணன்மார் பதில் பேசினார்கள். மூணாம் நாள் ராத்திரி வந்தார்கள். கரண்ட்டை நிறுத்திவிட்டுத்தான் வந்தார்கள். நைனா எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அம்மா அம்மிக்கல்லை நகர்த்தி வந்து அண்டை கொடுத்தது. எல்லாரும் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வெளியே யாரும் கதவை உதைக்கவில்லை. இடிக்கவில்லை. கீலுப் பக்கம் "டிங், டிங்" என்று சின்னச் சத்தம். கம்பியை வைத்து அடியிலிருந்து ஊசியைத் தட்டுகிறார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. ரெண்டு நிமிசம்கூட ஆகியிருக்காது. கதவை அந்தப் பக்கமிருந்து நெம்பி, முழுசாகக் கழற்றித் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். சாய்த்து வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். வேலைக்காரன் கதவைக் கழற்றி வைக்கிற மாதிரி.

அதற்கப்புறம் நடந்ததை நான் விவரமாக எழுதப் போவதில்லை. நைனாவுக்கு இடது தோள் இறங்கிவிட்டது, கடைசிவரை கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. அரிசிப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். ஆயாவை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஆயா மூலையில் உட்கார்ந்து, வருசக்கணக்கில் மறந்திருந்த அந்த நடுக்கத்தோடு, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தது. காலையில் வெளியே வந்து பார்த்தேன். கதவு சாய்ந்து நிற்கிறது. தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறது.

காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டவர், "கதவை உடைச்சாங்களா?" என்று கேட்டார். நைனா நடந்ததைச் சொன்னார். அவர் நேரில் வந்து பார்த்தார். கதவில் ஒரு கீறல் இல்லை. "உடைக்கலையே. கழட்டித்தான வச்சிருக்காங்க. நீங்களே தொறந்துவிட்டீங்கன்னு அவங்க சொல்லுவாங்க" என்றார். சேதப் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு நேரே, பாத்திரங்களுக்குக் கீழே, "கீல் ஊசி 2" என்று எழுதினார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995இல் வந்த விதிகளில் சொத்துச் சேதத்துக்கு நிவாரணம் உண்டு. அந்தச் சட்டத்துக்கு முன்னால் எங்கள் வீட்டின் சேதம் இரண்டு ஊசி.

பிற்பாடு இயக்க வேலையாகப் பல ஊர்களுக்குப் போனபோது நான் முதலில் பார்ப்பது கதவைத்தான். 1995 ஆகஸ்ட் 31இல் ஆயுதம் தேடுவதாகச் சொல்லிக் கொடியங்குளத்தில் நுழைந்த போலீஸ், வீடு வீடாகப் புகுந்து டி.வி.யையும் மின்விசிறியையும் தையல் மிஷினையும் உடைத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2012 நவம்பர் 7இல் தர்மபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் கொளுத்தப்பட்டன. வீடு எரிந்தால் கதவு போய்விடும், இரும்புக் கீல் நிலையோடு நிற்கும். எதையோ பிடித்துக்கொள்ளக் கையை நீட்டின மாதிரி. கதவைப் பெரிசாகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் ஒளிய இடம் தேடி ஒரே குடிசைக்குள் புகுந்தவர்கள்தான் எரிந்துபோனார்கள். 44 பேர். உள்ளே இருப்பது மட்டுமே காப்பாற்றாது என்று எங்களுக்குத் தெரியும்.

அந்த 2002 சித்திரைக்குத் திரும்பி வருகிறேன். ஊர் ஆசாரி வர மாட்டேன் என்றார். வந்தால் அவருக்கு ஊரில் வேலை கிடைக்காது. பக்கத்துச் சேரியில் ஒரு தாத்தா இருந்தார். சின்ன வயசில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை படித்தவர். கண் பாதி தெரியாது. அவரை நைனா சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். தாத்தா கீலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது சுளுவுடா. புது ஊசி போட்டு, ரெண்டு முனையும் சுத்தியால அடிச்சுத் தட்டையாக்கிவுட்டா எவனும் உருவ முடியாது" என்றார். அஞ்சு நிமிச வேலை. செலவே இல்லை.

நைனா ஒத்துக்கொள்ளவில்லை. "வேணாம் மாமா. முதுகு வெளிய இருக்கக் கூடாது. உள்ள திருப்பிடு."

"உள்ள தொறந்தா எடம் போயிடுமே. உங்கம்மா எங்க படுக்கும்?"

"எங்கனா படுக்கும். திருப்பிடு."

உள்ளே திறக்கிற கதவுக்கும் குறை உண்டு என்று தாத்தா சொன்னார். வெளியே திறக்கிற கதவை உதைத்தால் நிலை தாங்கும். உள்ளே திறக்கிறதை உதைத்தால் தாழ்ப்பாள்தான் தாங்கணும். அதற்குச் சுவரில் இரண்டு பக்கமும் இரும்பு வளைவு பதித்துக் குறுக்கே ஒரு கட்டை போட வழி செய்தார். கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடுகிற மரத்துக்குக் கணையமரம் என்று பேர், எம்.ஏ. வகுப்பில் படித்தேன். ராஜா வீட்டுச் சமாச்சாரமாகப் பாடம் நடத்தினார்கள். எங்க வீட்டில் அது உலக்கை.

அந்த ஒரு மாசம் தாத்தாவுக்கு எடுபிடி நான்தான். அவர் சொல்லிக் கொடுத்தது இன்றைக்கும் கையில் இருக்கிறது. மேலிருந்து ஏழு அங்குலத்தில் ஒரு கீல், கீழிருந்து பத்து அங்குலத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. கதவின் பாரம் மேல் கீலை வெளியே இழுக்கும், கீழ்க் கீலை நிலைக்குள் அமுக்கும். அதனால் மேல் கீலுக்குத்தான் நல்ல திருகாணி. தகட்டை மரத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவே உளியால் கொத்தி எடுக்கணும். ஆழம் கூடினால் கதவு நிலையில் முட்டி முழுசாகச் சாத்தாது. குறைந்தால் சந்து தெரியும். திருகாணிக்கு முன்னால் அதைவிட மெல்லிசாக ஓட்டை போடணும். முனையில் சவுக்காரம் தடவினால் வேப்பமரத்தில்கூட வழுக்கிக்கொண்டு இறங்கும். பழைய ஓட்டை லொடலொடத்துப் போயிருந்தால் மூங்கில் சிம்பு செதுக்கி அடித்து, அதன்மேல் திருகணும். முதலில் ஒவ்வொரு கீலுக்கும் ஒரே ஒரு திருகாணி போட்டுக் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் போடணும். "அவசரப்பட்டு எல்லாத்தியும் முறுக்கிட்டா அப்பறம் கழட்டத்தான் நேரம்" என்பார். கண் தெரியாததால் எல்லாவற்றையும் விரலால் அளப்பார். என் பென்சில் கோட்டைவிட அவர் விரல் சரியாக இருக்கும்.

கீல் வாங்க எங்களுக்கு ஏது காசு? தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பழைய இரும்புக் கடையில் இடித்த வீட்டுக் கீல்களை எடைக்கு வாங்கினோம். எந்தெந்த வீட்டிலிருந்தோ வந்தவை. ஒன்று பித்தளை, ஒன்று இரும்பு, ஒன்றில் பச்சைப் பெயிண்ட், ஒன்றில் நீலம். துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்ப்பது பிள்ளைகள் வேலை. பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போட்டால் சீக்கிரம் அரித்துவிடும் என்று தாத்தா சொன்னார். சொல்லிவிட்டு, இருக்கிறதைப் போடு என்றும் சொன்னார். பதினெட்டுக் கதவும் உள்ளே திரும்பின. எங்கள் வீட்டில் ஆயா படுக்கிற இடத்தைக் கதவு எடுத்துக்கொண்டது. ஆயா அதற்கப்புறம் கால் நீட்டிப் படுக்கவில்லை. மடக்கித்தான் படுத்தது.

ஆயாவுக்குக் கீல்வாதம். ஐம்பது வருசம் சேற்றில் குனிந்து நாற்று நட்ட முட்டி. கீல் என்றால் மூட்டு, கதவுக்கும் உடம்புக்கும் ஒரே சொல். அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டது இது. மூணாவது கீலுக்கு எண்ணெய் விடும்போது ஆயா, "எனக்கும் ரெண்டு சொட்டு வுடுடா" என்று முட்டியைக் காட்டும். 2009இல் செத்துப்போனது. பாடையைத் திருப்ப இடம் போதாமல் அந்தக் கதவைக் கழற்றித்தான் வெளியே எடுத்தோம். இந்தத் தடவை நாங்களே கழற்றினோம், திருப்புளி வைத்து.

இதை ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "கீலைத் திருப்பினா சாதி திரும்பிடுமா தோழர்?" திரும்பாது. எனக்கும் தெரியும். நிலமில்லாத வீட்டுக்குக் கதவு எதற்கு என்றும் கேட்கலாம், அதுவும் நியாயம்தான். ஆனால் அவர் வீட்டுக் கதவின் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

புதுக் கதவை இந்தத் தை மாசம் நானே மாட்டினேன். அடியில் ஆப்பு வைத்துத் தூக்கி நிறுத்தி, தம்பி பிடித்துக்கொள்ள, கோடு போட்டு, கொத்தி, திருகி முடிக்கக் காலையிலிருந்து மூணு மணி ஆனது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தது. "எம்மே படிச்ச கையி, உளி புடிக்கிற அழகப் பாரு" என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தது. சாத்திப் பார்த்தால் அடியில் லேசாக இழுக்கிறது. நாளைக்கு இழைப்புளி போடணும்.

எதிர்வீட்டு அக்கா வந்து கதவைத் திறந்தது, சாத்தியது. கீலைத் தடவியது. "இது மாதிரி எனக்கும் மாட்டிக் குடேன்" என்றது. அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமாவும் வந்துவிட்டார். ஆக இன்னும் ஆறு கீல் வேணும். அதே கடைக்குத்தான் போகணும், டவுனில் வேறு கடையில் நாலு அங்குலம் கிடைக்கவில்லை.

"நீயும் வர்றியாக்கா?" என்று கேட்டேன்.

"வர்றேன். எந்தப் பக்கம்னு என்னை ஒரு தடவ கேக்கட்டும்" என்றது அக்கா.